சைலஸ் குரோமுக்கு வந்த மாலைகள்

போன மாதம் ஆங் மோ கியோவில் என் வீட்டுக்கு ஓர் இளம் அறிவிப்பாளர் வந்திருந்தார். நான் வேலை பார்த்த வானொலி நிலையத்தில் இப்போது காலை நிகழ்ச்சி செய்பவர். காப்பியை ஆற்றிக்கொண்டே, "அங்கிள், உங்க காலத்துல 'வணக்கம்'கூட எழுதி வச்சுத்தான் படிப்பீங்களாமே, போரடிக்காதா?" என்று கேட்டார். இப்போது அவர்கள் ஒலிவாங்கியைத் திறந்ததும் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். தவறாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே திருத்திவிடுகிறார்கள். எங்களால் ஏன் அப்படிச் செய்ய முடியவில்லை என்று விளக்கத் தொடங்கினேன். அதற்குள் அவருக்கு நேரமாகிவிட்டது. அன்று சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

என் அப்பா நகராட்சியில் சாக்கடை சுத்தம் செய்த தொழிலாளி. ஃபேரர் பார்க் பக்கம் தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். தமிழ்ப் பள்ளி, ஆங்கிலப் பள்ளி, ஒருமுறை தோற்று மறுமுறை தேறிய பரீட்சை, பிறகு ஐம்பதுகளின் பிற்பகுதியில் வானொலியின் தமிழ்ப் பிரிவில் மொழிபெயர்ப்பாளன் என்ற தற்காலிக வேலை. "இங்கிலீஷத் தமிழாக்கிக் குடுப்பேன்ப்பா" என்றேன். "அவ்வளவுதானா? அப்ப கை அழுக்காகாது" என்றார் அப்பா. அவருக்கு அது போதும்.

தமிழ்ப் பிரிவின் தலைவர் அருளானந்தம். தேவாலயத்தில் பாடற்குழுவை நடத்தி வந்தவர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார், அவ்வளவுதான். எந்த எழுத்துப்படியையும் கண்ணால் படித்துச் சரிபார்க்க மாட்டார். எழுதியவன் எதிரில் நின்று உரக்கப் படிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நான் ஒரு வாக்கியத்தில் மூச்சுத் திணறினால், "இது எழுதுறதுக்கு நல்லா இருக்கு தம்பி. பேசுறவன் செத்துருவான், உடைங்க" என்பார். மூச்சு விட வேண்டிய இடத்தில் பச்சை மையால் சாய்கோடு போடுவார். தாள்களை ஒன்றாகக் குத்தி வைக்கக் கூடாது. ஒவ்வொரு தாளாகச் சத்தமில்லாமல் பக்கத்தில் நழுவவிட வேண்டும். கஞ்சி போட்ட சட்டையோடு நிலையத்துக்கு வரக் கூடாது, கையை அசைத்தால் ஒலிவாங்கியில் கேட்கும்.

அவருடைய இன்னொரு விதியும் உண்டு. "கேக்கிறவன் பாதியிலதான் வருவான். வீட்டுல ரேடியோ இருக்கிற நம்ம ஆளு எத்தனை பேரு? காப்பிக்கடையில நின்னுட்டுக் கேப்பான். அவனுக்கு நாம எங்க இருக்கோம்னு அப்பப்பச் சொல்லணும்" என்பார்.

நான் சேர்ந்த சில மாதங்களில் ஆஸ்திரேலியாவிலிருந்து அன்பளிப்பாக ஒரு பெட்டி நிறையப் புத்தகங்கள் வந்தன. அந்த நாட்டின் தொடக்ககாலக் கவிஞர்கள், எழுத்தாளர்களின் வாழ்க்கை வரலாறுகள். ஒவ்வொரு மொழிப் பிரிவும் அவற்றிலிருந்து ஒரு தொடர் தயாரிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. எல்லாப் பிரிவுகளிலும் முணுமுணுத்தார்கள். "நம்ம சனத்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் என்னா? அங்கேருந்து ஆடு வருது, கோதுமை வருது, அது போதும்லா" என்றார் எங்கள் பிரிவின் செய்தி வாசிப்பாளர். அருளானந்தம் பெட்டியை என் மேசைக்கு அனுப்பிவைத்தார்.

அந்தப் புத்தகங்களை நான் படித்த விதத்தைச் சொல்ல வேண்டும். அதுவரை கவிஞன் என்றால் அரசவையில் இருந்தவன், அல்லது பாடப் புத்தகத்தில் படமாக இருப்பவன் என்று நினைத்திருந்தேன். இவர்கள் அப்படி இல்லை. ஒருவர் திருட்டுக் குற்றத்துக்காகக் கப்பலேற்றப்பட்ட கைதி. கல் உடைத்த கையால் பாட்டெழுதினார். ஓர் அம்மாள், பெண் எழுதினால் பத்திரிகைக்காரர்கள் போட மாட்டார்கள் என்று தம்பியின் பெயரில் கதை அனுப்பினார். பெயர் பரவியதும் தம்பி அதைத் தன்னுடையது என்றே சொல்லிக்கொண்டான். மற்றொருவர் முதல் தொகுப்பைத் தானே அச்சிட்டு, குதிரைமேல் மூட்டையாகக் கட்டிக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போனார். பாதி வழியில் பசிக்குக் குதிரையை விற்று மூட்டையைத் தோளில் சுமந்தார். கப்பலில் கூலியாக வந்து இறங்கியவர்கள், மண் பிடிக்காமல் திட்டிக்கொண்டே அந்த மண்ணைப் பற்றி எழுதியவர்கள், ஊரில் உள்ளவர்களால் மறக்கப்பட்டவர்கள். என் அப்பாவும் கப்பலில்தான் வந்தார். ஒவ்வொரு வரலாற்றையும் மொழிபெயர்த்து முடித்த அன்று எனக்குச் சோறு இறங்காது. பெரும்பாலும் கடைசிப் பக்கம் ஒரே மாதிரிதான் இருந்தது: வாடகை அறை, இருமல், சாராயம், தனிமை.

சைலஸ் குரோம் என்ற கவிஞருடைய வரலாற்றை அருளானந்தம் நாடகச் சித்திரமாகச் செய்ய விரும்பினார். நான் பிறப்பிலிருந்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சாவுல ஆரம்பிங்க" என்றார். தனி வயலின் ஒலிக்க வேண்டும். பிறகு நாடக நடிகர் வேண்டாம், எங்கள் செய்தி வாசிப்பாளரே மரண அறிவிப்பைச் செய்தி படிக்கும் குரலில் படிக்க வேண்டும். பெயர் பிற்பாடு வரட்டும்.

"சார், பாதியில கேக்கிறவங்களுக்கு?" என்று கேட்டேன்.

"இந்த ஒருதடவை போவட்டும் தம்பி. முன்னாடி அறிவிப்புதான் இருக்கே."

அவர் தன் விதியை மீறி நான் பார்த்தது அப்போதுதான். அவருக்கு அந்தச் சாவின் அழகு பிடித்துப்போயிருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு மாலை அது ஒலிபரப்பானது. தனி வயலின். பிறகு எல்லோருக்கும் பழக்கமான செய்திக் குரல்: "கவிஞர் இன்று காலமானார். கப்பலேறி வந்து இந்த மண்ணைத் தன் மண்ணாக்கிக்கொண்டவர். உழைப்பாளிகளின் கூட்டங்களில் அவர் பாட்டு ஒலிக்காத நாளில்லை. மனைவி மக்கள் இல்லாத அவர், கடைக்கு மேலே ஒரு வாடகை அறையில் நீண்ட நாள் இருமலோடு படுத்திருந்தார். கடைசிக் காலத்தில் அவரைப் பார்க்க எவரும் வரவில்லை."

நாட்டில் பெரியவர் யாராவது இறந்தால்தான் வானொலியில் தனி வயலின் வாசிப்பார்கள் என்பது எங்கள் சனங்களுக்குத் தெரியும். காப்பிக்கடைச் சத்தத்தில் முன்னறிவிப்பு யார் காதில் விழும்? வயலினைக் கேட்டுத்தான் கடையே அமைதியானது. கேட்டவர்களுக்கு ஆஸ்திரேலியா நினைவுக்கு வரவில்லை. கவிஞர் அய்யாக்கண்ணு நினைவுக்கு வந்தார்.

அய்யாக்கண்ணு சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தவர். அறுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் தொழிற்சங்கக் கூட்டங்களில் அவர் பாட்டுக்குக் கைதட்டல் நிற்காது என்பார்கள். பிறகு இருமல் வந்தது, வெளியே போவது குறைந்தது. கலியாணங்களுக்கு வாழ்த்துப்பாவும் சாவுகளுக்குச் சரமகவியும் எழுதிக் கொடுத்துப் பிழைத்தார். மணமக்கள் பெயர் வைத்து வாழ்த்துப்பா அச்சடித்துப் பந்தலில் கொடுக்காவிட்டால் கலியாணம் நிறையாது என்று நினைத்த காலம். இறந்தவருக்குப் பதினாறாம் நாள் கருப்புக் கோடு கட்டிய தாளில் சரமகவி. செம்பவாங் கடற்படைத் தளத்து வீடுகளிலிருந்தும் ஜொகூரிலிருந்தும் ஆட்கள் வந்து காதர் நானாவின் அச்சகத்தில் சொல்லிவிட்டுப் போவார்கள். நானா அவருக்குச் சொல்லியனுப்புவார்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அந்தச் சந்து முனையில் கூட்டத்தைக் கண்டு நானும் நின்றேன். பத்துப் பதினைந்து பேர், கையில் சம்பங்கி மாலைகள். படிக்குக் கீழே இட்லி விற்கும் பாக்கியம் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார்.

"யாருய்யா செத்தது? காலையில எங்கிட்டதான் ரெண்டு இட்லி வாங்கித் தின்னாரு."

"ரேடியோவுல சொன்னாங்கக்கா."

"ரேடியோவா வந்து இட்லி தின்னுச்சு?"

அந்த நேரம் மேல்படியில் அய்யாக்கண்ணு வந்து நின்றார். பனியனும் கைலியும், தோளில் ஒரு துண்டு. கீழே பார்த்தார். முன்னால் நின்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர் மாலையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"பசியாறியாச்சாங்கய்யா?" என்று கேட்டார் அவர்.

"ஆச்சு. யாருக்குப்பா மாலை?"

"சும்மா, பாத்துட்டுப் போலாம்னு..."

"மாலையோடவா?" அய்யாக்கண்ணு சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "செத்தா வருவீங்கன்னு தெரியும்டா. வந்துட்டுத் திரும்பிப் போவீங்கன்னுதான் தெரியாது. மேல வாங்க, உக்காருங்க."

இரண்டு பேர் மட்டும் மேலே போனார்கள். மற்றவர்கள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். சாவுக்கு வாங்கிய மாலையை வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது, கோவிலுக்கும் கொடுக்க முடியாது. படிக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போனார்கள். மழையில் அவை அங்கேயே கிடந்து அழுகின. பாக்கியம் அக்காதான் அவற்றை எடுத்துப்போட வேண்டியிருந்தது.

நிலையத்தில் நான் இதைச் சொன்னபோது செய்தி வாசிப்பாளர் விழுந்து விழுந்து சிரித்தார். அருளானந்தம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருடைய கோபம் அவர்மேலேயே இருந்தது என்று நினைக்கிறேன்.

கார்த்திகை மாதத்தில் அய்யாக்கண்ணுவே நிலையத்துக்கு வந்தார். சட்டை போட்டு, தலை சீவி, படிகளில் நின்று நின்று ஏறி வந்திருந்தார். அருளானந்தம் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார்.

"நான் சண்டைக்கு வரல சார். மாலை வந்ததுக்கு எனக்குச் சந்தோசம்தான். ஆனா இப்பத் தைக்குக் கலியாண ஓலை எழுதுற நேரம். வருசத்துல எனக்கு நாலு காசு வர்றதே இப்பத்தான். ஒருத்தரும் வரல. காதர் நானாவக் கேட்டேன். செம்பவாங் ஆளுங்க, நான் போய்ச் சேந்துட்டேன்னு வேற ஆளத் தேடுறாங்களாம். இங்க உள்ளவங்களுக்கு நான் இருக்கேன்னு தெரியும், ஆனா சாவு மாலை வந்த வீட்டுலேருந்து வாழ்த்துப்பா வாங்குனா பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆகாதாம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இருக்கேன்னு உங்க வாயால ஒரு வார்த்தை. நல்ல நேரமாப் பாத்து, நாதசுரத்தோட சொன்னாக்கூடச் சரி. ரேடியோ சொன்னா நம்புவாங்க. சாவையே நம்புனவங்க தானே."

அருளானந்தம் மேலதிகாரியான வெள்ளைக்காரரிடம் போனார். நானும் கூடப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எழுத்துப்படியின் ஆங்கிலச் சுருக்கத்தை வரவழைத்து முழுவதும் படித்தார். எங்கேயும் அந்த மனிதரின் பெயர் இல்லையே என்றார். நாம் சொல்லாத ஒன்றை நாமே மறுத்தால், சொன்னதாக ஒப்புக்கொண்டது போல ஆகும் என்றார். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திரும்பி வரும்போது அருளானந்தம் வராந்தாவில் நின்றார். "தொடர்ல இன்னும் யாரு இருக்காங்க தம்பி?"

"ஏமஸ் டன் இருக்காரு சார். ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகையில கவிதை சொன்னவரு. கடைசியில கண்ணு தெரியாமப் போயிடும்."

"வயசான குரல் வேணுமா அதுக்கு?"

"ஆமா சார்."

"நடிக்கிறவங்க பேரக் கடைசியில படிக்கிறோம்ல?"

அவர் திட்டம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. மறுப்பு என்று எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 'ஏமஸ் டன்னாக நடித்தவர் கவிஞர் அய்யாக்கண்ணு' என்று செய்திக் குரலில் ஒருமுறை படித்தால் போதும், செம்பவாங்கும் ஜொகூரும் கேட்டுவிடும். பெயர்களை முதலிலேயே படித்துவிடலாமே என்று சொல்லிப் பார்த்தேன். எழுத்துப்படி ஏற்கெனவே ஒப்புதலாகி வந்துவிட்டது, வரிசையை மாற்றினால் மறுபடி மேலே போகும், மேலே போனால் ஏன் என்று கேட்பார்கள் என்றார்.

ஒத்திகைக்கு அய்யாக்கண்ணு மூன்று நாள் சாயங்காலம் வந்தார். ஏமஸ் டன்னின் கதையை அவருக்கு நான் உட்கார்ந்து சொன்னேன். அந்த நாட்டு மரங்கள் இலையை உதிர்க்காமல் பட்டையை உரிக்கும் என்று சொன்னபோது நம்பவில்லை. "மரம் சட்டை கழட்டுதா? நல்லா இருக்கே" என்றார். டன் கண் தெரியாமல், கொட்டகையில் ஆட்டு ரோம மூட்டைமேல் உட்கார்ந்து கவிதை சொல்லும் கடைசிக் காட்சியை மட்டும் பலமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இவருக்குச் சோறு யாரு போட்டா தம்பி?"

"கொட்டகைக்காரங்கதான். ஒரு பாட்டுக்கு ஒருவேளைச் சாப்பாடு."

"அப்ப நம்ம ஆளுதான்" என்றார்.

சிக்கல் அவருடைய மூச்சில் இருந்தது. எங்கள் சாய்கோடுகள் எல்லாம் நல்ல நுரையீரலுக்குப் போட்டவை. அவர் பாதி வரியிலேயே நின்றுவிடுவார். செய்தி வாசிப்பாளர் கடிகாரத்தைக் காட்டினார். "சார், இவரு படிச்சு முடிக்கிறதுக்குள்ள நிசமாவே தை பொறந்துரும்." வேறு அதிகாரியாக இருந்தால் ஆளை மாற்றியிருப்பார். அருளானந்தம் பச்சைப் பேனாவை எடுத்து, அய்யாக்கண்ணு படிக்கப் படிக்க, அவர் எங்கே நிற்கிறாரோ அங்கேயெல்லாம் கோடு போட்டார். பிறகு என்னை உட்கார வைத்து, அந்தக் கோடுகளுக்குள் அடங்கும்படி அந்தப் பாகம் முழுவதையும் திரும்ப எழுதச் சொன்னார். கருத்து மாறாமல் வாக்கியத்தை மட்டும் உடைப்பதற்கு மறு ஒப்புதல் தேவையில்லை. குறுகிய வாக்கியங்கள். இரண்டு சொல், மூன்று சொல். எழுதி முடித்துப் பார்த்தால் முன்பைவிட நன்றாக இருந்தது.

ஒலிபரப்பு நாள் வந்தது. நாடகம் முழுவதும் நேரடி. முடிந்த உடனே லண்டனிலிருந்து வரும் செய்தியை அப்படியே அஞ்சல் செய்ய வேண்டும். கடிகார முள் அந்த இடத்தைத் தொட்டதும் கட்டுப்பாட்டு அறையில் விசையைத் திருப்பிவிடுவார்கள். நாடகம் நடந்துகொண்டிருந்தாலும் சரி, ராணியே பேசிக்கொண்டிருந்தாலும் சரி, லண்டன் காத்திருக்காது. நடிகர்கள் உள்ளே ஒலிவாங்கியைச் சுற்றி நின்றார்கள். அய்யாக்கண்ணுவுக்கு மட்டும் நாற்காலி. பக்கத்தில் வெந்நீர். நான் அருளானந்தத்தோடு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன்.

கடைசிக் காட்சி வரை எல்லாம் நேரத்துக்கு நடந்தது. பிறகு அய்யாக்கண்ணு படிக்க ஆரம்பித்தார்.

"மரத்தின் பட்டையில் / என் பெயரை வெட்டினேன். / ஆண்டுக்கொருமுறை / பட்டையை உரித்துப் போடும் மரம் அது என்று / எவரும் எனக்குச் சொல்லவில்லை."

ஒத்திகையில் இப்படிப் படிக்கவில்லை. ஒத்திகையில் தாளைப் பார்த்துப் படித்தார். இப்போது தாளை மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கோட்டுக்கும் நாங்கள் கணக்கிட்டதைவிட அதிக நேரம் எடுத்தார். இருமல் வந்தது. தலையை ஒலிவாங்கியிலிருந்து திருப்பி அடக்கிக்கொண்டு மறுபடி விட்ட இடத்தில் ஆரம்பித்தார். முள் நகர்ந்துகொண்டே இருந்தது.

இன்னும் இரண்டு கவிதைகள் பாக்கி. அவற்றை விட்டுவிட்டால் பெயர்களைப் படிக்க நேரம் இருந்தது. அதற்கு ஒரு சைகை உண்டு: கண்ணாடிக்குப் பின்னால் நின்று கையைக் கழுத்துக்குக் குறுக்கே இழுக்க வேண்டும். உள்ளே செய்தி வாசிப்பாளர் பெயர்த் தாளைக் கையில் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். சைகை கிடைத்தால் அய்யாக்கண்ணுவின் தோளைத் தொட்டு நிறுத்துவார். அருளானந்தம் எழுந்து கையைத் தூக்கினார். "சார்" என்றேன் நான், அவசரப்படுத்துவதற்காக. கை பாதி வழியில் நின்றது. உள்ளே அந்த மனிதர் மூடிய கண்களோடு அடுத்த கவிதையைத் தொடங்கியிருந்தார். அருளானந்தம் கையைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

கடைசிக் கவிதையின் கடைசிச் சொல் ஒலித்து முடிந்தது. கட்டுப்பாட்டு அறையில் விசை திரும்பியது. லண்டன் மணி அடித்தது.

உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியாது. சிவப்பு விளக்கு அணைந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை. செய்தி வாசிப்பாளர் முன்னால் வந்து, தெளிவான குரலில், எங்கேயும் போகாத ஒலிவாங்கியில் படித்தார்: "ஏமஸ் டன்னாக நடித்தவர், கவிஞர் அய்யாக்கண்ணு." அய்யாக்கண்ணு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த முகத்தை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

வெளியே வந்ததும் அவர் அருளானந்தத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பேரச் சொல்லிட்டீங்க சார். அதுவும் நல்லா அழுத்தமா."

அருளானந்தம் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். "நீங்க ரொம்ப நல்லாப் படிச்சீங்கய்யா" என்றுதான் வந்தது.

அவரை டாக்ஸியில் ஏற்றி அனுப்பிய பிறகு நான் கேட்டேன். அருளானந்தத்திடம் அப்படிக் கேட்டது அந்த ஒருமுறைதான். "ஏன் சார் நிறுத்தல? அவருக்கு வேண்டியது பேருதானே?"

"தெரியும் தம்பி" என்றார். "அந்தாளு படிச்சிட்டிருந்தாரு. எப்படி நிறுத்தச் சொல்றது?"

அவர் செய்தது சரியா என்று பிறகு வந்த பல ஆண்டுகளில் பல பேரிடம் கேட்டிருக்கிறேன். வானொலிக்காரர்கள் எல்லோரும் தப்பு என்றார்கள். எனக்கு இன்றுவரை முடிவு தெரியவில்லை. மறுவாரமே அவர் மேலே எழுதிக் கேட்டு, நடிகர்களின் பெயரை நிகழ்ச்சியின் முதலிலேயே படிப்பது என்ற வழக்கத்தைக் கொண்டுவந்தார். அதற்கு ஒப்புதலும் வந்தது. தொடரில் மீதியிருந்த எழுத்தாளர்களை அவர் வேறு ஒருவர் பொறுப்பில் விட்டுவிட்டார்.

நான்கைந்து நாள் கழித்து அய்யாக்கண்ணுவைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். அவர் கீழே, பாக்கியம் அக்காவின் பலகையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"வாங்க தம்பி. இன்னும் ஆளு யாரும் வரல. செம்பவாங்லேருந்து வர்றதுன்னா லீவு நாளாத்தான் வருவாங்க" என்றார்.

பாக்கியம் அக்கா தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே, "செம்பவாங்ன்னதும் ஞாபகம் வருது. எந் தங்கச்சி நேத்து வந்துச்சுய்யா. அங்க அவ புருசன் வீட்டுப் பக்கம் எல்லாரும் ஒங்க குரலக் கேட்டாங்களாம்" என்றார்.

"கேட்டாங்களா?" அவர் குவளையைக் கீழே வைத்தார்.

"குரலக் கேட்டதுமே இது அய்யாக்கண்ணு ஐயான்னு கண்டுக்கிட்டாங்களாம். ஒரே அழுகையாம். செத்துப்போன மனுசன் குரல எவ்வளவு பத்திரமா எடுத்து வச்சிருந்து போடுறான் பாரு ரேடியோக்காரன், நம்மதான் ஒண்ணும் செய்யலன்னு..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். "நான் சொன்னேன்யா, மனுசன் தெனம் எங்கிட்ட இட்லி தின்றாருன்னு. அவ நம்புனா. மத்தவங்ககிட்டச் சொல்லுன்னு சொல்லி அனுப்பியிருக்கேன்."

அய்யாக்கண்ணு என்னைப் பார்த்தார். தன் பெயர் அவர்கள் காதுக்குப் போகவில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. நான் என்ன சொல்லியிருந்தாலும் அதற்குமேல் தெரிய வேண்டியது எதுவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"அழுதாங்களா?" என்று கேட்டார்.

"ஆமாய்யா."

"எந்த எடத்துல?"

"என்னாங்கய்யா?"

"எந்த வரியில அழுதாங்க? மரப்பட்டை வருமே, அங்கயா? இல்ல கடைசிப் பாட்டா?"

"அதெல்லாம் நான் கேக்கலையே."

"கேட்டுச் சொல்லும்மா" என்றார். "அடுத்த தடவை வந்தா, மறக்காமக் கேளு."

தை பிறந்தது. சிராங்கூன் சாலையில் வாழை மரம் கட்டாத வாசல் இல்லை. அவருக்கு ஒரு வாழ்த்துப்பாவும் வரவில்லை. சரமகவிக்கு மட்டும் காதர் நானா அவ்வப்போது சொல்லியனுப்பினார். அதற்கு அவர் எழுதினால் ஆகாது என்று யாரும் சொல்லவில்லை. எழுதிக் கொடுத்தார். மாசியில் அதையும் எழுத முடியாமல் படுத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அப்போது எனக்கு வேலை நிரந்தரமாகிப் பயிற்சிக்காகக் கோலாலம்பூர் அனுப்பியிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் அந்தச் சந்துக்குப் போனேன். பாக்கியம் அக்கா என்னைப் பார்த்ததும் அடுப்பை விட்டு எழுந்து வந்தார்.

"தங்கச்சிகிட்டக் கேட்டுட்டேன் தம்பி. அந்த மரத்துப் பாட்டுலதானாம். ரெண்டாந்தடவ நினைச்சுப் பாத்தும் அழுதாளாம்."

"அவருகிட்டச் சொன்னீங்களா?"

அக்கா மேலே பார்த்தார். மளிகைக் கடைக்கு மேலே அந்த அறையின் சன்னலில் யாரோ ஒரு சீன இளைஞன் சட்டையைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தான்.